2010 ஏ4 2.0 டிஎஃப்எஸ்ஐ எடுக்கவா, 2014 ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ எடுக்கவா? ஈஏ888 இன்ஜின் தெரிஞ்சவங்க சொல்லுங்க

நெடுஞ்சாலைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். செகண்ட் ஹேண்ட்ல டர்போ பெட்ரோல் வண்டி ஒண்ணு தேடிட்டு இருந்தேன், கடைசியா ரெண்டுல வந்து நிக்குது. ஒண்ணு 2010 ஆடி ஏ4 2.0 டிஎஃப்எஸ்ஐ, 211 பிஎஸ், 350 நியூட்டன் மீட்டர். இன்னொண்ணு 2014 ஸ்கோடா ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ, 180 பிஎஸ், 250 நியூட்டன் மீட்டர். ரெண்டுலயும் ஃபோக்ஸ்வேகன் குழுமத்தோட ஈஏ888 டர்போ பெட்ரோல் இன்ஜின்தான்னு சொல்றாங்க. ஒரே குடும்பம்னா ஏன் ஏ4ன்னு சொன்னதும் கிட்ட போகாதன்னு கையெடுத்துக் கும்பிடுறாங்க, ஆக்டேவியான்னு சொன்னா தாராளமா எடுன்னு சொல்றாங்கன்னு எனக்குப் புரியல.

ரெண்டையும் ஓட்டிப் பாத்தாச்சு. ஏ4 1500 ஆர்பிஎம்லயே அப்படி இழுக்குது, உண்மையச் சொல்லணும்னா மனசு அங்கதான் கிடக்கு. கிலோமீட்டர் ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். நான் போனப்ப ஏ4 ஓனர் முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி இன்ஜினை சூடா ரெடியா வச்சிருந்தார், நல்ல மனுஷன். ஆயில் குடிக்கும் செயின் போயிடும்னு நெட்ல படிச்சேன், இது எல்லா டர்போக்கும் சொல்ற பொதுவான பயமா, இல்ல இந்த இன்ஜினுக்குன்னே இருக்கிற வியாதியா? தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க.

ஸ்பேனர்செட்:
நல்ல மனுஷனாவே இருக்கட்டும் சார், ஆனா இந்த இன்ஜினை சூடு பண்ணி வச்சுக் காட்டுனா அந்த டெஸ்ட் டிரைவ் கணக்குலயே வராது. ஏன்னு கடைசில சொல்றேன்.

ஈஏ888னு ஒரே பேர் இருந்தாலும் நடுவுல நிறைய மாறியிருக்கு. முதல் தலைமுறை 2007 வாக்குல வந்துச்சு, ரெண்டாவது 2009 பக்கம், மூணாவது 2011-12ல. அடிப்படை எல்லாத்துக்கும் ஒண்ணுதான், வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட், நாலு சிலிண்டர் பதினாறு வால்வு, நேரா சிலிண்டருக்குள்ள பெட்ரோல் பீச்சுற டைரக்ட் இன்ஜெக்‌ஷன், அதிர்வைக் குறைக்க ரெண்டு பேலன்ஸ் ஷாஃப்ட். போர் ரெண்டுலயும் 82.5 மிமீ. 2.0ல ஸ்ட்ரோக் 92.8 மிமீ, அதான் 1984 சிசி. 1.8ல ஸ்ட்ரோக் கம்மி, 1798 சிசி. கம்ப்ரஷன் நீங்க பாக்குற ரெண்டுலயும் 9.6. நீங்க பாத்த ஏ4 ரெண்டாவது தலைமுறை, ஆக்டேவியா மூணாவது. உங்க கேள்விக்கு பாதி பதில் இதுலயே இருக்கு.

இந்த இன்ஜின்ல டைமிங் பெல்ட் கிடையாது, செயின். மொத்தம் மூணு செயின் ஓடுது, வால்வைத் திறக்குற கேம்ஷாஃப்டுக்கு ஒண்ணு, பேலன்ஸ் ஷாஃப்டுக்கு ஒண்ணு, ஆயில் பம்புக்கு ஒண்ணு. செயினை இத்தனை கிலோமீட்டர்ல மாத்துன்னு சர்வீஸ் அட்டவணைல எங்கயும் இருக்காது, அதனாலயே பல பேர் அதை மறந்துடுறாங்க. கேம் செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் ஆயில் பிரஷர்ல வேலை செய்யுது. இன்ஜின் ஆஃப் ஆனதும் பிரஷர் போயிடும், அப்ப டென்ஷனர் பின்னாடி போகாம ஒரு பல்லும் அதைக் கவ்வுற கொக்கியும்தான் பிடிச்சு நிக்கணும். பழைய டென்ஷனர்ல அந்தக் கொக்கி தேஞ்சோ உடைஞ்சோ போயிடுது. அப்புறம் காலைல ஸ்டார்ட் பண்றப்ப ஆயில் பிரஷர் ஏறுறதுக்குள்ள செயின் தொளதொளன்னு ஆடும், சங்கிலிய தகர டப்பாக்குள்ள போட்டு குலுக்குன மாதிரி ஒரு சத்தம் ஒண்ணு ரெண்டு செகண்ட் வந்துட்டு நின்னுடும். நின்னுடுச்சேன்னு ஓனரும் விட்டுடுவார். ஒருநாள் செயின் ஒரு சில பல் தாண்டிக் குதிச்சா வால்வு பிஸ்டன்ல போய் இடிக்கும். ஹெட்டைக் கழட்டாம சரி பண்ண முடியாது.

கம்பெனி டென்ஷனரோட வடிவத்தையே மாத்துச்சு. பழைய பார்ட் நம்பர் 06ஹெச்ல ஆரம்பிக்கும், திருத்துனது 06கேல ஆரம்பிக்கும். 2012 வாக்குல இருந்து ஃபேக்டரிலயே புதுசுதான் வருது. 2010 வண்டின்னா நடுவுல யாராவது மாத்தியிருந்தாதான் உண்டு. பில் இருக்கான்னு கேளுங்க. பில் இல்லைன்னா மாத்தலைன்னே எடுத்துக்கோங்க.

கோல்ட் ஸ்டார்ட், அதாவது ஆறிப்போன இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிப் பாக்குறது, ஏன் முக்கியம்னு இப்ப புரிஞ்சிருக்கும். சூடா இருக்கிற இன்ஜின்ல அந்த சத்தம் பெரும்பாலும் வராது.

டர்போபிரியன்:
இவ்ளோ பயமுறுத்த வேணாம் பாஸ். எனக்குத் தெரிஞ்ச நாலஞ்சு பேர் ரெண்டாவது தலைமுறை 2.0 வச்சு வருஷக்கணக்கா ஜம்முன்னு ஓட்டிட்டு இருக்காங்க, செயின் போனா தெரிஞ்சுக்கலாம்னு இருக்காங்க. நெட்ல எழுதுறவன் எல்லாம் பிரச்சனை வந்தவன்தானே, நல்லா ஓடுறவன் எதுக்கு வந்து எழுதப்போறான். 350 நியூட்டன் மீட்டரை விட்டுட்டு 250ஐ எடுக்கிறதா? ஏ4ஐ எடுங்க ப்ரோ, ஒரு ரீமேப் போட்டு, அதான் இன்ஜின் சாஃப்ட்வேரை மாத்தி பவரை ஏத்துனீங்கன்னா பறக்கும்.

ஸ்பேனர்செட்:
எல்லா வண்டிலயும் போகும்னு நான் சொல்லவே இல்லையே. நல்லா ஓடுறது நிறைய இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா செயின் போனா தெரிஞ்சுக்கலாம்ங்கிறதுதான் தப்பு. பிரேக் பேட் தேஞ்சா கத்தும், கிளட்ச் தேஞ்சா வழுக்கும், நமக்கு டைம் கிடைக்கும். இது அப்படி இல்ல. நேத்து ராத்திரி நல்லா ஓடி நின்ன வண்டி காலைல ஒரே ஒரு சுத்துல வால்வை வளைச்சுடும். அமெரிக்கால டைமிங் செயினுக்குன்னே வழக்கு போட்டு 2018ல செட்டில்மென்ட் வரைக்கும் போச்சு, சும்மா நாலு பேர் நெட்ல புலம்புன விஷயம் இல்ல இது.

அப்புறம் மேனுவல் வண்டின்னா இன்னொண்ணு. சரிவுல ஹேண்ட்பிரேக் போடாம கியர்ல மட்டும் விட்டு நிறுத்துற பழக்கம் இருந்தா இதுல வேணாம். வண்டியோட எடை இன்ஜினை ரிவர்ஸ்ல லேசா தள்ளும், தேஞ்ச டென்ஷனர் இருந்தா செயின் தளர அது ஒண்ணே போதும்.

பழைய செயின் மேல ரீமேப்பா? வேணாம் சாமி.

அரைக்கிளட்ச்:
செயின் பத்தி ஸ்பேனர் அண்ணன் சொன்னது சரி. ஆனா ஆயில் குடிக்கிறதையும் செயினையும் எல்லாரும் தனித்தனி பிரச்சனையா பேசுறாங்க, எனக்கென்னவோ ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு வர்றதாதான் படுது, அதைக் கொஞ்சம் எழுதுறேன்.

ரெண்டாவது தலைமுறைல உராய்வைக் குறைக்கணும்னு பிஸ்டன் ரிங்கோட இழுவிசையைக் குறைச்சு, ரிங்கையும் மெல்லிசாக்கிட்டாங்க. மைலேஜுக்கு நல்லதுதான். ஆனா பிஸ்டன்ல ஆயில் ரிங்குக்குப் பின்னாடி, வழிச்ச ஆயில் திரும்ப கீழ சம்புக்கு, அதான் ஆயில் தொட்டிக்குப் போறதுக்கு சின்னச் சின்ன ஓட்டை இருக்கும், அந்த ஓட்டை ரொம்பப் பொடிசு. ஆயில் கருகி கரி பிடிச்சா அடைச்சுக்கும். அடைச்சதும் வழிச்ச ஆயில் போறதுக்கு வழியில்லாம மேல ஏறி எரியுது, எரிஞ்சா இன்னும் கரி, இன்னும் அடைப்பு. 2009ல இருந்து 2011 வரைக்கும் வந்த ஏ4, ஏ5 2.0 இதுக்கு ரொம்ப பேர் போனது, அமெரிக்கால இதுக்கும் தனியா வழக்கு நடந்து கம்பெனி செட்டில் பண்ணுச்சு. நிரந்தர வைத்தியம் திருத்தின பிஸ்டனும் ரிங்கும் போடுறதுதான், அதுக்கு இன்ஜினைப் பிரிச்சே ஆகணும்.

புகை வருதான்னு மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க. கேட்டலிடிக் கன்வெர்ட்டர் நல்லா இருக்கிற வண்டில நல்லாவே ஆயில் எரிஞ்சாலும் பின்னாடி நீலப்புகை கண்ணுக்குத் தெரியாமப் போகலாம். சைலன்சர் வாய்ல கருப்புப் புழுதி ஒட்டுறதை வச்சும் சொல்ல முடியாது, டைரக்ட் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் எல்லாத்துலயும் கொஞ்சம் கரி இருக்கத்தான் செய்யும். அளந்துதான் பாக்கணும். மேக்ஸிமம் கோடு வரைக்கும் ஆயில் ஊத்தி, 1000 கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி அதே கோட்டுக்கு வர எவ்வளவு ஊத்த வேண்டியிருக்குன்னு பாக்கணும். 1000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரைக்கும் நார்மல்னு ஃபோக்ஸ்வேகன் கையேட்டுலயே போட்டிருக்கும். அதைப் படிச்சு ஆறுதல் பட்டுக்காதீங்க, சம்போட மொத்தக் கொள்ளளவே 4.6 லிட்டர். சர்வீஸ் இடைவெளி 15,000 கிலோமீட்டர்னு வச்சா அந்தக் கணக்குல 7.5 லிட்டர் எரிஞ்சிருக்கும். சம்புல இருக்கிறதை விட அதிகம்!

இங்கதான் ரெண்டும் கோத்துக்குது. வண்டி ஆயில் குடிக்குது, ஓனர் டிப்ஸ்டிக்கைத் தொடுறதே இல்ல, லெவல் இறங்குது. டென்ஷனர் நம்பி இருக்கிறதே ஆயிலைத்தான். மிச்சம் இருக்கிற கொஞ்ச ஆயிலும் 30,000 கிலோமீட்டர் லாங் லைஃப் இடைவெளில மாத்துறேன்னு ஓடி ஓடிக் கெட்டுப்போய் செயினோட ஒவ்வொரு கண்ணியையும் தேய்க்குது, செயின் நீளுது. ஆக, முதல்ல பாக்க வேண்டியது கிலோமீட்டரை இல்ல, முன்னாடி வச்சிருந்தவர் எத்தனை நாளைக்கு ஒருதடவை ஆயில் மாத்துனாருங்கிறதைத்தான்.

ஆயில் குறையுதுன்னதும் பிஸ்டன்னு ஓடிடாதீங்க. முதல்ல பிசிவி வால்வைப் பாருங்க, இன்ஜினுக்குள்ள சேர்ற ஆவியை உறிஞ்சி இன்டேக்குக்கு அனுப்புற சமாச்சாரம், வால்வ் கவர் மேலயே உக்காந்திருக்கும். அதோட ரப்பர் சவ்வு கிழிஞ்சா ஐடில் ஆடும், விசில் சத்தம் வரும், ஆயிலையும் சேத்து இழுக்கும், ஸ்கேனர்ல பி2187னு ஃபால்ட் கோடு விழும், மிக்ஸ்சர் லீன், அதாவது காத்துக்கு ஏத்த பெட்ரோல் இல்லைன்னு அர்த்தம். டெஸ்ட் ரொம்ப ஈஸி. ஐடில்ல ஓடுறப்ப ஆயில் ஊத்துற மூடியைத் திறந்து பாருங்க. லேசா இழுத்துட்டு ஐடில் தடுமாறுனா நார்மல். மூடியே வரமாட்டேன்னு உறிஞ்சிப் பிடிச்சுக்கிட்டு கத்துச்சுன்னா சவ்வு போச்சு. அப்படியே விட்டு வச்சா உள்ள வேக்குவம் ஏறி பின்பக்க கிராங்க் சீலையும் கெடுத்துடும்.

நெடுஞ்சாலைக்காரன்:
ரொம்ப நன்றிங்க, இந்த அளவுக்கு யாரும் சொல்லல. ரெண்டு சந்தேகம். ஒண்ணு, செயின் நீண்டிருக்கான்னு இன்ஜினைப் பிரிக்காம பாக்க வழி இருக்கா? ரெண்டு, இன்டேக் வால்வுல கார்பன் படியும்னு சொல்றாங்களே, அதுக்குப் பெட்ரோல்ல ஊத்துற கிளீனர் டப்பா போதுமா? அப்புறம் ஆக்டேவியால இதெல்லாம் சுத்தமா இல்லையா?

ஸ்பேனர்செட்:
செயினைப் பிரிக்காமப் பாக்க ரெண்டு வழி இருக்கு. டைமிங் கவரோட கீழ்ப்பகுதில ஒரு சின்ன ரப்பர் அடைப்பு இருக்கும். அதை நெம்பி எடுத்துட்டு கண்ணாடியோ எண்டோஸ்கோப் கேமராவோ விட்டா டென்ஷனர் நேரா தெரியும். புது டைப்ல பிஸ்டனைச் சுத்தி வரி வரியா பள்ளம் வெட்டி, ஒரு கம்பி வளையம் மாட்டியிருக்கும். பிஸ்டன் எத்தனை வரி வெளிய வந்திருக்குன்னு எண்ணுனா செயின் எவ்வளவு நீண்டிருக்குன்னு கணிக்கலாம், நிறைய வரி வெளிய தெரிஞ்சா செயினும் முடிஞ்சுது.

இன்னொண்ணு ஸ்கேனர். கேம்ஷாஃப்ட் ஃபேஸ் பொசிஷன்னு ஒரு அளவு வரும், பழைய இசியுல (இன்ஜின் கம்ப்யூட்டர்) மெஷரிங் பிளாக் 93ல இருக்கும். ஐடில்ல பூஜ்யத்துக்குப் பக்கத்துல நின்னா நிம்மதி. 4, 5 டிகிரி தாண்டுனா, ப்ளஸோ மைனஸோ, செயின் செட்டை மாத்திட்டுதான் ஓட்டணும். ஸ்கேன் பண்றப்ப பி0016 பழைய ஃபால்ட் கோடா கிடக்கான்னும் பாருங்க, கிராங்கும் கேமும் ஒத்துப்போகலைன்னு அர்த்தம். விக்கிறதுக்கு முன்னாடி கோடை எல்லாம் அழிச்சிட்டு நிக்கிறவங்க உண்டு, அதனால கோடே இல்லைங்கிறதை வச்சு முடிவு எடுக்காதீங்க, அளவைப் பாருங்க. ஏன்னா கோடை அழிக்கலாம், நீண்ட செயினை அழிக்க முடியாது.

அரைக்கிளட்ச்:
கார்பனுக்கு டப்பா ஊத்துறது வீண். பெட்ரோல் நேரா சிலிண்டருக்குள்ள போகுது, இன்டேக் வால்வோட முதுகுல படவே படாது. டேங்க்ல என்ன ஊத்துனாலும் அது வால்வு முதுகுக்குப் போய்ச் சேர வழியே இல்ல, இன்ஜெக்டர் முனையை வேணா சுத்தம் பண்ணும், அவ்வளவுதான். ஆயில் ஆவி வால்வுல பட்டு வெந்து அடுக்கு அடுக்கா ஒட்டிக்கும். கோல்ட் ஸ்டார்ட்ல மிஸ்ஃபயர் (சிலிண்டர் ஒழுங்கா எரியாம விட்டுப் போறது), அதுக்கான பி0300 கோடு, பவர் மந்தம், இதெல்லாம் அதோட அடையாளம். இன்டேக் மேனிஃபோல்டைக் கழட்டி, வால்வு மூடியிருக்கிற நிலைல வால்நட் ஓட்டுத் தூளைக் காத்துல பீச்சி அடிச்சுதான் எடுக்கணும். மேனிஃபோல்டைக் கழட்டுறப்பவே அதோட ஃபிளாப்பும் சென்சாரும் பாத்துடுங்க, பி2015 கோடு அதுலதான் வரும். கீழ வாட்டர் பம்ப் ஹவுசிங்கும் அங்கதான் ஒளிஞ்சிருக்கு, பிளாஸ்டிக், விரிசல் விட்டு கூலன்ட் கசியும். சொட்டு கீழ வந்து விழாது, பிங்க் கலர்ல உப்பு மாதிரி காஞ்சு ஒட்டியிருக்கும், டார்ச் அடிச்சு மேனிஃபோல்டுக்கு அடில பாருங்க.

ஆக்டேவியா பக்கம் வந்தா, மூணாவது தலைமுறைல எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை ஹெட்டுக்குள்ளயே வார்த்துட்டாங்க, கூலன்ட் அதைச் சுத்தி ஓடுது, இன்ஜின் சீக்கிரம் சூடாகும். நிறைய நாட்டுல விக்கிற மூணாவது தலைமுறைல டைரக்ட் இன்ஜெக்‌ஷனோட சேத்து இன்டேக் போர்ட்லயும் தனி இன்ஜெக்டர் இருக்கு, அதனால வால்வு முதுகும் கழுவப்படுது, கார்பன் தொல்லை ரொம்பக் கம்மி. இந்த இரட்டை இன்ஜெக்‌ஷன் இல்லாத மார்க்கெட்டும் இருக்கு, இன்ஜின் கோடை வச்சு உங்க வண்டில இருக்கான்னு பாத்துக்கோங்க. டென்ஷனர் திருத்தின டைப், பிஸ்டன் ரிங்கும் மாறிடுச்சு. டர்போ பிரஷரைக் கட்டுப்படுத்துற வேஸ்ட்கேட் எலக்ட்ரிக் மோட்டார்ல ஓடுது.

நோயே இல்லைன்னு சொல்லமாட்டேன். தெர்மோஸ்டாட்டும் வாட்டர் பம்பும் ஒண்ணா சேந்த பிளாஸ்டிக் மாட்யூல் ஒண்ணு இருக்கு, அது இதுலயும் கசியும், இந்தத் தலைமுறையோட பேர் போன தலைவலியே அதுதான். ஆனா கூலன்ட் லெவல் இறங்குறதைப் பாத்து வண்டியை நிறுத்திட்டா இன்ஜின் பொழைச்சுக்கும். செயின் அந்த வாய்ப்பைக் கொடுக்காதுங்கிறதுதான் எனக்கு இதுல பெரிய வித்தியாசம்.

டர்போபிரியன்:
சரி சரி, ஏ4ல செயின் செட், டென்ஷனர், பிஸ்டன் எல்லாம் மாத்துன வண்டி கிடைச்சா? அப்ப என்ன சொல்லுவீங்க?

ஸ்பேனர்செட்:
பில்லோட கிடைச்சா கண்ணை மூடிட்டு எடுக்கலாம். அதுதான் இந்த ரெண்டுலயும் நல்ல வண்டின்னுகூட சொல்லுவேன், ஏ4ல எக்ஸாஸ்ட் பக்கம் வால்வு திறக்குற அளவை மாத்துற வால்வ்லிஃப்ட் இருக்கு, கீழ் ஆர்பிஎம்ல அந்த இழுவைக்கு அதுவும் ஒரு காரணம். 1.8 அந்த சுகத்தைக் கொடுக்காது, நான் மறுக்கல. ஆனா வேலை செஞ்சாச்சுன்னு வாய்ல சொல்றவங்க ஜாஸ்தி, பில் காட்டுறவங்க கம்மி. டென்ஷனரை மட்டும் மாத்திட்டு செயின் மாத்திட்டேன்னு சொல்றவங்களும் உண்டு, பில்லுல செயின், கைடு, டென்ஷனர் மூணும் தனித்தனி வரியா இருக்கான்னு பாருங்க.

எதை எடுத்தாலும் ஆயில் ஃபோக்ஸ்வேகனோட 502.00 இல்லன்னா 504.00 தரத்துல இருக்கணும், டப்பா பின்னாடி நம்பர் போட்டிருக்கும். லாங் லைஃப் இடைவெளியை மறந்துட்டு 10,000 கிலோமீட்டருக்குள்ள மாத்துங்க. ஸ்பார்க் பிளக் 60,000ல. ரெண்டு ஃபுல் டேங்க்குக்கு ஒருதடவை ஆயில் லெவல். ஏ4ல டிப்ஸ்டிக் இல்லாம ஸ்கிரீன்ல மட்டும் லெவல் காட்டுற வண்டியா இருந்தா அதுல பாருங்க, சோம்பேறித்தனம் வேணாம்.

நெடுஞ்சாலைக்காரன்:
ஏ4 ஓனருக்கு ஃபோன் போட்டேன், செயின் பில் கேட்டதும் தேடிப் பாத்துச் சொல்றேன்னார், இன்னும் சொல்லல. ஆக்டேவியா காரர் சர்வீஸ் புக்கை ஃபோட்டோ எடுத்தே அனுப்பிட்டார். ஆயில் எல்லாம் ஒழுங்கா மாத்தியிருக்கு. அதோட கியர்பாக்ஸ் டிஎஸ்ஜி (ரெண்டு கிளட்ச் வச்ச ஆட்டோமேட்டிக்) 7 ஸ்பீடுன்னு போட்டிருக்கு, அதுல ஏதாவது இருக்கா?

அரைக்கிளட்ச்:
இருக்கு. அது டிகியூ200, டிரை கிளட்ச், தாங்குற டார்க்கே 250 நியூட்டன் மீட்டர்தான். 1.8ஐ சரியா 250ல நிறுத்தி வச்சிருக்கிறதுக்குக் காரணமே அதுதான், அதனால ரீமேப் ஆசை இருந்தா இப்பவே விட்டுடுங்க. பம்பர் டு பம்பர் டிராஃபிக்ல கிளட்ச் சூடாகி ஜெர்க் அடிக்கும், கியரை மாத்துற மெக்கட்ரானிக்ஸ் யூனிட்டும் போகும். 2013ல இந்த கியர்பாக்ஸுக்கு சிந்தெட்டிக் ஆயிலை மாத்தி மினரல் ஆயில் போடணும்னு உலகளவுல பெரிய ரீகால் வந்துச்சு. 2014 வண்டின்னா அதுக்கப்புறம் தயாரிச்சதாத்தான் இருக்கணும், இருந்தாலும் சேஸிஸ் நம்பரைக் கொடுத்து சர்வீஸ் சென்டர்ல கேட்டுடுங்க. ஏ4 பக்கமும் ரொம்ப சந்தோஷப்பட ஒண்ணுமில்ல, ஃப்ரன்ட் வீல் டிரைவ் ஆட்டோமேட்டிக்னா அது மல்டிட்ரானிக் சிவிடி, தனித்தனி கியரே இல்லாத டைப், அதோட கதை தனி. ஆக்டேவியாவை ஓட்டிப் பாக்குறப்ப ஒண்ணுல இருந்து ரெண்டு, ரெண்டுல இருந்து மூணு மாறுற இடத்துல மெதுவா ஊர்ந்து ஊர்ந்து ஓட்டுங்க, ஜெர்க்கோ நடுக்கமோ இருந்தா அங்கதான் தெரியும். கியர்பாக்ஸுக்குத் தனி த்ரெட் போடுங்க, அதுல அடிபட்டவங்க நிறைய பேர் இங்க இருக்காங்க.